கணித மாணவரோடு பன்னிரண்டு இரவுகள்

அடைமழையும் பருவத்தேர்வும் எம் கல்லூரிக்கு ஒருங்கே வருவன. மழையேனும் இடையில் நின்று இளைப்பாறும். தேர்வு அங்ஙனம் செய்வதில்லை. அந்நாட்களில் விடுதித் தாழ்வாரத்தில் நடப்பவர், ஓர் அறையில் வரலாற்று ஆண்டுகள் உரத்து ஓதப்படுவதையும், மற்றோர் அறையில் தாவரங்களின் இலத்தீன் பெயர்கள் உருவேற்றப்படுவதையும் கேட்கலாம். கணித மாணவர் அறையில் மட்டும் குரல் எழாது. தாளின்மேல் எழுதுகோல் ஓடும் ஓசையும், இடையிடையே ஒரு பெருமூச்சும், கசக்கி எறிந்த தாள் கதவில் மோதி வீழும் ஒலியுமே அங்கு உள்ளன. அவ்வறைகளுள் ஒன்றில் வாழும் பேறு எமக்கு வாய்த்தது.

யாம் தமிழ்ச் சிறப்பு வகுப்பினேம். நன்னூலும் தொல்காப்பியமும் எமக்குரியன. நுண்கணிதத்துக்கும் எமக்கும் கொடுக்கல் வாங்கல் யாதும் இல்லை. விடுதிக் காப்பாளர் அறை பகிர்ந்தளித்தபோது, எக்கணக்கின்படியோ, கணித மாணவர் மூவர்க்கு நடுவே எம்மை இட்டுவிட்டார். அதனால் சென்ற நவம்பர்த் திங்களில், அவர்தம் நுண்கணிதத் தாளுக்கு முற்பட்ட பன்னிரண்டு இரவுகளும் யாம் உறங்க வேண்டிய வேளையில் உறங்கவில்லை. அதனை இழப்பாக யாம் எண்ணவில்லை. எண்ணியிருப்பின் இக்கட்டுரை எழுந்திராது.

நுண்கணிதம் என நாம் வழங்கும் கலைக்கு மேனாட்டார் இட்ட பெயர் ‘கால்குலஸ்’. இலத்தீன் மொழியில் அது சிறுகல்லைக் குறிக்கும். பண்டை உரோமர் சிறுகற்களை வைத்து எண்ணிக் கணக்கிட்டமையின் கல்லின் பெயர் கணக்குக்கு ஆயிற்று. இவ்வாகுபெயரை மகிழ்ச்சியுடன் யாம் எடுத்துரைத்தபோது, “அந்தக் கல் நெஞ்சின்மேல் கிடப்பதை நானும் அறிவேன், புலவரே” என்றார் தோழருள் ஒருவர். தமிழ் மாணவர் யாவரையும் ‘புலவரே’ என விளிப்பது விடுதி மரபு. அதில் அன்பு பாதி, கேலி பாதி.

அங்ஙனம் கூறியவர் தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகனார். அவர் தந்தையாரும் தமக்கையாரும் அளத்திலே உப்பு வாருபவர்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் பாத்திகளில் நன்னீர் நின்றுவிடும், உப்பு விளையாது, கூலியும் இராது. கல்லூரித் தேர்வு வரும் திங்களும் வீட்டில் அடுப்பு தயங்கும் திங்களும் அவருக்கு ஒன்றே. அவர் படிப்பு ஓர் அறக்கட்டளையின் உதவித்தொகையால் நடப்பது. பருவத்தேர்வில் ஒரு தாளில் தவறினும் உதவி நின்றுவிடும் என்பது அதன் விதி. முன்னர் நடந்த இரு வகுப்புத் தேர்வுகளில் நுண்கணிதத்தில் அவர் பெற்றவை இருபத்தைந்துக்கு 6, இருபத்தைந்துக்கு 8. “அரியர் விழுந்தால் சனவரியில் பாத்தி திருத்த வந்துவிடு, ஆள் வேண்டும்” என்று தந்தையார் தொலைபேசியில் கூறியிருந்தார். கோபத்தால் கூறியதன்று, விடுமுறைக்கு எந்நாள் வருவாய் என்று கேட்கும் குரலிலேயே கூறினாராம். அதுவே நண்பரை மிகவும் வருத்தியது.

மற்றை இருவரைப்பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டுவதில்லை. ஒருவர் ஆங்கிலப் பள்ளியில் பயின்றவர்; கூர்த்த மதியினர்; எக்கணக்கையும் பாதி கேட்டவுடன் முடித்துவிடுவார். மற்றவர் பழைய வினாத்தாள்களைத் தொகுத்து, எவ்வினா எத்தனை முறை வந்தது எனப் பட்டியல் இட்டு, அப்பட்டியலையே மனப்பாடம் செய்பவர். தேர்வுக்கு ஆயத்தமாகும் வழிகளுள் அதுவும் ஒன்று. அதனை இகழ்வார் பலரும் தேர்வுக்கு முன்னாள் மாலை அவரிடமே பட்டியல் கேட்டு வருதலையும் யாம் கண்டிருக்கிறோம்.

முதல் இரவு எமக்கு இடப்பட்ட பணி கேட்டுக்கொண்டிருத்தல். ‘ஒன்றும் அறியாத ஒருவருக்கு விளக்கிச் சொல்லிப் பார்த்தால் நமக்குத் தெரிந்ததும் தெரியாததும் வெளிப்படும்’ என்பது கூர்மதியினர் கண்ட உபாயம். ஒன்றும் அறியாதவர் எனும் தகுதியில் எம்மை வெல்வார் அவ்வறையில் இலர். எம்மை நடுவே அமர்த்தி, ‘எல்லை’ என்பதன் இலக்கணத்தை உரைக்கத் தொடங்கினர். உப்பள நண்பரின் முறை வந்தது. ஆங்கில நூலிலுள்ள வாக்கியத்தை அவர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார். பொருள் யாதென்று யாம் வினவினோம். மீண்டும் அவ்வாக்கியத்தையே ஒப்பித்தார். மூன்றாம் முறை வினவியபோது அவர் கண்கள் கலங்கின.

நுண்கணிதத்துச் சொற்கள் அவருக்குப் புதியன அல்ல. பள்ளியில் தமிழ் வழியிலே சார்பு, எல்லை, வகைக்கெழு, தொடுகோடு எல்லாம் பயின்று வந்தவரே. ஆங்கிலப் பெயர் ஒவ்வொன்றுக்கும் நேரான தமிழ்ப்பெயர் கேட்டால் தயங்காது சொல்வார். அவரை மறித்து நின்றது சொல் அன்று, வாக்கியத்தின் நடை. ‘ஒவ்வொரு எப்சிலானுக்கும் ஒரு டெல்டா உளது, எத்தகைய டெல்டா எனின்’ என்று ஆங்கிலத்தில் தலைகீழாக நீண்டு செல்லும் அவ்வாக்கியத்தில், எது முன்னர் எது பின்னர், யார் கேட்பவர் யார் கொடுப்பவர் என்பது அவருக்குப் புலப்படவில்லை.

இங்கே எமக்கு ஒரு துணிவு பிறந்தது. செய்யுளில் சொற்கள் முன்பின்னாகக் கிடக்கும்போது அவற்றை எடுத்துக் கூட்டிப் பொருள் காணும் வகை எட்டு என்று நன்னூலார் கூறுவர். அவற்றுள் கொண்டுகூட்டு ஒன்று. பாட்டுக்கு நாள்தோறும் செய்வதை இவ்வாக்கியத்துக்குச் செய்தால் என்ன? ஆங்கில வாக்கியத்தைத் துண்டு துண்டாக எழுதச் செய்து, தமிழ் நடைக்கு ஏற்ப மாற்றி அடுக்கினோம். கிடைத்தது இது: ‘நீ எத்துணைச் சிறிய பிழையைப் பொறுப்பேன் என்று சொல்கிறாயோ, அதற்கேற்ப எத்துணை நெருங்கி வர வேண்டும் என்பதை நான் சொல்லிவிடுவேன், நீ எவ்வளவு சுருக்கினாலும் சொல்வேன்.’ நண்பர் சற்று நேரம் அதனையே நோக்கியிருந்தார். பின்னர், “இது பேரம் அல்லவா? முதலில் கேட்பவன் அவன், பிறகு கொடுப்பவன் நான்” என்றார். கூர்மதியினர் துள்ளி எழுந்தார். கேட்பது முன், கொடுப்பது பின் என்னும் அந்த முறைமையைத்தான் மாணவர் பலரும் தலைமாற்றி எழுதி மதிப்பெண் இழக்கிறார்களாம்.

அடுத்த இரவு அப்பேரத்தை எண்களில் நடத்திப் பார்த்தோம். பக்கம் 10 அடியுள்ள சதுரப் பாத்தி ஒன்று, பரப்பு 100. பக்கத்தை 11 அடியாக்கினால் பரப்பு 121. நீட்டிய ஓரடிக்குக் கூடியது 21. பக்கத்தை 10.1 ஆக்கினால் பரப்பு 102.01, கூடிய 2.01-ஐ நீட்டிய 0.1-ஆல் வகுக்க வருவது 20.1. பக்கத்தை 10.01 ஆக்கினால் வருவது 20.01. ஆக இவ்வெண் 20-ஐ நோக்கியே செல்கிறது. அந்த 20 தான் வகைக்கெழு. விடை 20-லிருந்து நூற்றிலொரு பங்குக்குமேல் விலகலாகாது என்று ஒருவன் கேட்பின், நீட்டும் அளவும் நூற்றிலொரு பங்குக்குள் நிற்கட்டும் என்று கூறிவிடலாம். ஆயிரத்திலொரு பங்கு என்று அவன் கடுமை காட்டினும் விடை ஆயத்தமாக உள்ளது.

எமக்கு அப்போது ஓர் ஐயம் எழுந்தது. நீட்டிய அளவு சுழியம் ஆகாதவரை விடை சரியாக 20 அன்று. சுழியம் ஆகிவிட்டால் வகுத்தலே கூடாது. எந்நிலையில் இவர்கள் 20 என்று துணிகின்றனர்? அறியாதான் கேள்வி என்று நகைப்பர் என அஞ்சினோம். நகைக்கவில்லை. மாறாக, எமக்கு மிகப் பெரிய துணை ஒருவர் உளர் என்று கூர்மதியினர் தெரிவித்தார். அயர்லாந்து நாட்டுப் பேராயர் பார்க்லி 1734-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டு, நியூட்டனைப் பின்பற்றிய கணிதரை இதே கேள்வியால் மடக்கினாராம். மறைபொருள்களை நம்பலாகாது என்று சமயத்தாரை இகழும் கணிதர், இருக்கும்போது இருந்து வேண்டாதபோது மறைந்துவிடும் இச்சிற்றளவுகளை மட்டும் நம்புவது எங்ஙனம் என்பது அவர் வாதம். கணித அறிஞர் அதனைப் புறக்கணிக்க இயலவில்லை. எண்பத்தேழு ஆண்டு கழித்து, 1821-இல் பாரிசு நகரத்துக் கோஷி தம் பாடநூலில் எல்லையை அடிப்படையாக வைத்தார். அதன்பின் செருமனி நாட்டு வயர்ஸ்ட்ராஸ் எப்சிலானும் டெல்டாவும் கொண்டு அதனை இறுக்கிக் கட்டினார். முதல் இரவு எம் நண்பரை அழவைத்த வாக்கியம் அந்தப் பேராயரின் கேள்விக்கு நேர்ந்த விடையே. பேராயர்மேல் எமக்கு மதிப்பு மிகுந்தது. நண்பருக்கோ சிறிது சினம் உண்டாயிற்று.

சிற்றளவுகளைப் பற்றிய பேச்சில் எம் பங்குக்கு யாமும் சிறிது சொன்னோம். தமிழ் இலக்கணத்தார் ஒலியை மாத்திரையால் அளந்து, குற்றியலுகரத்துக்கு அரையும், மகரக்குறுக்கத்துக்குக் காலும் கொடுத்து நின்றுவிட்டனர். பழந்தமிழ்க் கணக்கர் அவரினும் துணிந்தவர். ஒன்றை 320 கூறாக்கி ஒரு கூற்றை முந்திரி என்றனர். அம்முந்திரியையும் 320 கூறாக்கிக் கீழ்முந்திரி என்றனர். அது 1,02,400-இல் ஒரு பங்கு. அதற்கும் கீழே பெயர்கள் வைத்துள்ளனர். பட்டியல்காரர் இதனைக் கேட்டு, “தேர்வில் வருமா?” என்றார். வராது என்றோம். தம் பட்டியலுக்குத் திரும்பினார்.

ஐந்தாம் இரவு அறையில் ஒரு பூசல். கூர்மதியினர் எம்மைப் பார்த்து, இவ்வாறு தமிழில் விளக்கிக்கொண்டிருத்தல் காலக்கழிவு. வினாத்தாள் ஆங்கிலத்தில் வரும், விடையும் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். இக்கலைக்குத் தமிழ் பழகியதன்று என்றார். இறுதியில் கூறியதை யாம் பொறுக்கவில்லை. அமெரிக்க மிஷனரிமார் 1823-இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் நிறுவிய கல்விச்சாலையில் பயின்ற இருவரே சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் ஆயினர். ஒருவர் சி. வை. தாமோதரம் பிள்ளை, 1887-இல் கலித்தொகையை அச்சேற்றி எம்போன்றோர்க்கு வாழ்வளித்தவர். மற்றவர் கறல் விசுவநாத பிள்ளை. பீசகணிதத்தைத் தமிழில் நூலாக எழுதியவர். தமிழும் கணிதமும் அன்று ஒரே பலகையில் அமர்ந்து படித்தன. கேரள நாட்டிலோ பதினாறாம் நூற்றாண்டில் சேட்டதேவர், சங்கமகிராமத்து மாதவர் வழிவந்த முடிவிலாத் தொடர்களை, அவை உண்மையாதற்குரிய காரணங்களுடன், மலையாள உரைநடையிலேயே ‘யுக்திபாஷை’ எனும் நூலில் விளக்கினார். வடமொழி வல்லவர் தம் வீட்டு மொழியில் எழுதினார் என்பதை அறிஞர் இன்றும் வியந்து பேசுகின்றனர்.

கூர்மதியினர் பொறுமையாகக் கேட்டார். “எல்லாம் சரி, புலவரே. பதினேழாம் தேதி காலை பத்து மணிக்கு வரும் தாள் எந்த மொழியில் வரும்?” என்றார்.

அதற்கு எம்மிடம் விடை இல்லை. அவர் கூற்று மெய்யே. தமிழ்ப்பற்று மிகுந்த சொற்பொழிவுகளில் இவ்விடத்தைத் தாண்டிச் சென்றுவிடுவர். பொருள் விளங்குதல் ஒன்று, விளங்கியதை அயல்மொழியில் மூன்று மணி நேரத்துக்குள் எழுதிக் காட்டுதல் மற்றொன்று. முதலாவது இன்றி இரண்டாவதைச் செய்வோர் பலர் தேறுகின்றனர். இரண்டாவது இன்றி முதலாவது மட்டும் உடையவர் தவறுகின்றனர். அவ்விரவே ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். ஒவ்வொரு தேற்றத்தையும் நண்பர் குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் தமிழில் தம் சொற்களால் எழுதுவார். வலப்பக்கத்தில் அதனையே ஆங்கிலத்தில், நூலைப் பாராது எழுதுவார். கூர்மதியினர் வலப்பக்கத்தைத் திருத்துவார், யாம் இடப்பக்கத்தை. இதனால் நண்பரின் உறக்கம் நாளொன்றுக்கு நான்கு மணி நேரமாகக் குறைந்தது. மற்றவர் உறக்கமும் மிகுந்துவிடவில்லை.

யாம் மறக்க இயலாதது எட்டாம் இரவு. மழையால் மின்சாரம் போய், ஒரு கைப்பேசியின் வெளிச்சத்தில் நால்வரும் இருந்தோம். ஓர் எண்ணின் தலைகீழை வகையிட்டால், அவ்வெண்ணின் வர்க்கத்தின் தலைகீழ் குறைக்குறியோடு வரும் என்பது ஒரு விதி. நண்பருக்கு அது மனப்பாடம். ஆயினும், அக்குறைக்குறி ஏன் வந்தது, வர்க்கம் எங்கிருந்து வந்தது என்று யாம் வழக்கம்போல் அறியாமையால் வினவினோம். அவர் பேசாதிருந்தார். பின்னர் எவரையும் நோக்காது, அளத்தைப்பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

கடல்நீரை ஏற்றியவுடன் கண்ணாடிக் கருவியை மிதக்கவிட்டுப் பார்த்தால் மூன்று டிகிரி காட்டும். வெயிலில் நீர் வற்ற வற்ற டிகிரி ஏறும். ஏறத்தாழ இருபத்தைந்தில் உப்பு கட்டும். முப்பதை எட்டவிட்டால் கசப்பு இறங்கிவிடும் என்று மிஞ்சிய நீரை வடித்துவிடுவார்கள். முதல் நாட்களில் எத்துணை வெயில் எரித்தாலும் டிகிரி நகராது. தந்தையார் கருவியை எடுத்துப் பார்ப்பார், வைப்பார். இறுதிக் கட்டத்திலோ காலையில் பார்த்ததற்கும் மாலையில் பார்ப்பதற்கும் பெருவேறுபாடு இருக்கும். சிறுவயதில் இஃது ஏன் என்று கேட்டதற்கு, “கடைசித் தண்ணிக்குத்தான் வேகம்” என்றாராம் தந்தையார்.

சொல்லிக்கொண்டே வந்தவர் எழுதுகோலை எடுத்தார். பாத்தியில் உள்ள உப்பு மாறாது, நீர்தான் குறைகிறது. ஆதலின் உறைப்பு என்பது நீரின் அளவுக்குத் தலைகீழ். பத்துப்பங்கு நீர் ஒன்பதானால் உறைப்பு ஒன்பதிலொரு பங்கே கூடும். இரண்டு பங்கு நீர் ஒன்றானால் உறைப்பு இருமடங்காகும். வற்றியது இருமுறையும் ஒரே ஒரு பங்குதான். நீர் குறையக் குறைய உறைப்பு கூடுவதால் குறைக்குறி. நீர் பாதியாக எஞ்சும் நிலையில் உறைப்பு ஏறும் வேகம் இருமடங்கன்று, நான்கு மடங்கு; ஆதலால் வர்க்கம். இவ்வளவையும் அவர் ஒரே மூச்சில் எழுதி முடித்து, அத்தாளைத் தூக்கிப் பிடித்து, “எங்கப்பா இதைச் சொல்லியிருக்கிறார்” என்றார். கூர்மதியினர் அத்தாளை வாங்கி இருமுறை பார்த்தார். பிழை ஒன்றும் காணவில்லை. தாம் இதுவரை இவ்விதியை இவ்வாறு நினைத்ததில்லை என்று மெல்லச் சொன்னார். அவர் இயல்புக்கு அது பெரிய சொல்.

அதற்குப்பின் நண்பருக்கு ஒரு செருக்கே வந்துவிட்டது. பெருமமும் சிறுமமும் என்னும் பகுதியில், சுற்றளவு 40 ஆக உள்ள செவ்வகங்களுள் மிகுந்த பரப்புடையது எது என்று ஒரு கணக்கு. பக்கங்கள் 15-உம் 5-உம் ஆனால் பரப்பு 75. 12-உம் 8-உம் ஆனால் 96. 10-உம் 10-உம் ஆனால் 100. ஆகவே சதுரமே விடை. விடையை முறைப்படி வருவித்தபின், “ஆனால் எந்த அளத்திலும் பாத்தியைச் சதுரமாகக் கட்டமாட்டான், வாருபலகை இழுப்பவன் கையை இந்தக் கணக்குப் போட்டவர் கேட்கவில்லை” என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தார். தேர்வில் அதனை எழுதிவிடாதே என்று மூவரும் எச்சரித்தோம்.

இறுதி மூன்று இரவுகள் வெறும் உழைப்பே, சொல்லத்தக்கது இல்லை. பட்டியல்காரர் பட்டியலின்படி, இதுவரை மிகுதியாகக் கேட்கப்பட்ட வினாக்களை மணி பார்த்து எழுதினர். கீழே சிற்றாலயத்தில் கிறிஸ்து பிறப்புப் பாடல்களின் பயிற்சி நடந்தது. எம் அறையில் சராசரி மதிப்புத் தேற்றத்தின் பயிற்சி. பதினாறாம் தேதி இரவு விடுதிச் செபத்தில் தேர்வு எழுதுவோருக்காக வேண்டிக்கொள்ளப்பட்டது. நண்பர் செபம் முடிந்து எழுந்திருக்கச் சிறிது நேரம் ஆயிற்று.

சனவரியில் முடிவுகள் வெளிவந்தன. கூர்மதியினர் 91, பட்டியல்காரர் 74, உப்பள நண்பர் 58. எல்லையின் இலக்கணம் கேட்கப்பட்டிருந்தது. முழு மதிப்பெண் வந்திருக்க வேண்டும் என்று அவரே கணக்கிட்டுச் சொன்னார். வீட்டுக்குச் செய்தி சொன்னபோது தந்தையார், “சரி, அப்போ பாத்திக்கு வேற ஆள் பார்த்துக்கிறேன்” என்றாராம். இதனை எம்மிடம் சொல்லும்போது நண்பர் சிரித்தார். பின்னர் நெடுநேரம் சன்னலருகே நின்றார். அவ்வேலைக்குத் தமக்கையார் இரண்டு முறை சேர்ந்து செல்வார் என்பது எமக்குப் பின்னரே தெரிந்தது.

இப்பருவத்தில் அவர்களுக்குத் தொகை நுண்கணிதம். வகை என்றும் தொகை என்றும் இவற்றுக்குப் பெயரிட்டவர் எவராயினும் நூற்பாயிரம் படித்தவரே என்று யாம் ஐயுறுகிறோம். தொகையிட்டபின் விடையின் ஈற்றில் ஒரு மாறிலியைச் சேர்க்க வேண்டும் என்பது முதற் பாடம். சேர்க்காதவர்க்கு மதிப்பெண் குறையும். அது எதற்கு என்று யாம் கேட்டோம். இம்முறை கூர்மதியினர் வாய் திறக்குமுன்பே உப்பள நண்பர் விடை கூறினார்:

“புலவரே, நாள்தோறும் எவ்வளவு வற்றியது என்று நான் சரியாகச் சொல்லிவிடுவேன். இன்று பாத்தியில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்று கேட்டால், முதலில் எவ்வளவு ஏற்றினார்கள் என்பதை அங்கு நின்ற ஒருவர் சொல்லியாக வேண்டும்.”